உடலுக்கும் உரிமை உண்டு



திருவொற்றியூரில் ஒரு பள்ளிவாசலில் லுஹர் தொழுகை முடிந்திருந்தது. துறைமுகத்தில் 35 ஆண்டுகள் பாடுபட்டு ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னை அருகே அழைத்தார். "ஹஜ்ரத், சர்க்கரை ஏறிப்போச்சு. தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்றாரு. அஞ்சு வேளையும் தொழுறேனே, அதுவே உடற்பயிற்சிதானே?" என்று கேட்டார். நாற்காலியில் அமர்ந்தபடி கேட்டார். அந்த நாற்காலியில்தான் அவர் தொழுகிறார்.

இதே கேள்வி நம்மில் பலருடைய உள்ளத்திலும் இருப்பதால், அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

தொழுகை வேறு, பயிற்சி வேறு

தொழுகை இபாதத். அதை அல்லாஹ்வுக்காகத் தொழுகிறோம். முழங்கால் வலுப்பெறுவதற்காக அல்ல. ஒரு நாளைய பர்ளு 17 ரக்அத். அதில் 34 ஸஜ்தா. அதனால் உடலுக்குப் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் மூச்சு வாங்கும்படியான உழைப்பு அதில் இல்லை. வயது வந்தோருக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடமாவது அத்தகைய உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

முன்பு நம் பகுதியில் இதைச் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் மூட்டை சுமந்தும் வலை இழுத்தும் பிழைத்தவர்களுக்கு வேலையே பயிற்சியாக இருந்தது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. தோள் சுமந்த பாரத்தைக் கிரேன் சுமக்கத் தொடங்கியது. முதுகு ஒடிந்தது போதும் என்று மகிழ வேண்டியதுதான். ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்கு நம் சோறு குறையவில்லை!

நாற்காலி வரிசை

நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். ஆகவே நாற்காலியில் தொழுபவரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. எனினும், இயலும் உடலை நம் சோம்பலால் இயலாததாக ஆக்கிக்கொண்டால் அதற்கு நாமே பொறுப்பாளிகள். நெற்றி தரையில் படும் பாக்கியத்தை முதுமை வரை காத்துக்கொள்ள வேண்டாமா?

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்னும் கருத்தை அண்ணலார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். இபாதத்துக்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்கக் கூடாதென்றால், சோம்பலுக்காகப் பறிக்கலாமா?

தொடங்குவது எப்படி?

"நாளை முதல் ஒரு மணி நேரம் ஓடப்போகிறேன்" என்று கிளம்புபவர் மூன்றாம் நாள் போர்வைக்குள் இருப்பார். அளவில் சிறிதாயினும் விடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்த பாடம். பயிற்சிக்கும் இதுவே அளவுகோல்.

1. பயிற்சியை வக்துடன் இணையுங்கள். பஜ்ரு, அஸர், இஷா தொழுகைகளுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் நாளுக்கு 30 நிமிடம். ஐந்து நாளில் 150 நிமிடம் நிறைவேறிவிடும். ஒரே மூச்சில் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

2. வேகம் அளவாக இருக்கட்டும். நடந்துகொண்டே ஸலவாத்து ஓத முடிய வேண்டும். ராகமிட்டு பைத்து படிக்க மூச்சு வரக்கூடாது. அதுவே சரியான வேகம்.

3. இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர்ச் சாலை ஓரம் வேண்டாம். உட்தெருவோ மொட்டை மாடியோ போதும். மணலிப் பக்கம் புகை தாழ்ந்து நிற்கும் காலைகளில் வீட்டுக்குள்ளேயே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். ஸஜ்தாவிலிருந்து எழுவதற்கும் அந்த வலு உதவும்.

4. ஒரு வேளை தவறினால் அன்றே ஈடு செய்யுங்கள். உறக்கத்தாலோ நோயாலோ இரவுத் தொழுகை தவறினால் நாயகம் (ஸல்) அவர்கள் பகலில் 12 ரக்அத் தொழுவார்கள் என்று ஹதீதில் காண்கிறோம். தவறியதற்காக முழுவதையும் கைவிடுவது நம் வழியன்று.

5. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். இன்சுலின் போடுபவரும் மாத்திரை உண்பவரும் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்; சட்டைப்பையில் சிறிது இனிப்பு இருக்கட்டும். நெஞ்சு வலி கண்டவர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கவே கூடாது.

பெண்களுக்கு

"வீட்டு வேலையே போதாதா?" என்று சகோதரிகள் கேட்கலாம். மூச்சு வாங்கும் வேலையும் கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது சேராது. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதன்முறை அன்னையார் வென்றார்கள். பின்னாளில் அன்னையாரின் உடல் கனத்திருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் வென்றார்கள். அதே நபியவர்கள் வீட்டு வேலைகளிலும் கைகொடுத்தவர்கள். ஆகவே வீட்டுப் பெண்கள் மாடியில் நடக்கும் அந்தப் பத்து நிமிடம் அடுப்பையும் குழந்தையையும் ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதுவும் சுன்னத்தான பழக்கமே.

அந்தப் பெரியவர் இப்போது அஸருக்குப் பின் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து திரும்புகிறார். நாற்காலியை இன்னும் விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நடையை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வல்ல அல்லாஹ் தந்த உடலை அமானிதமாகப் பேணி, இறுதிவரை அவனுக்கு ஸஜ்தா செய்யும் ஆற்றலை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.