செய்நிரலில் நடை ஒருமை

பலர் கூடி இயற்றும் நூல் ஒருவரே இயற்றியது போல விளங்குதல் வேண்டும். கணினிக்கு எழுதப்படும் செய்நிரலுக்கும் இஃது ஒக்கும். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் கற்கும் 'பைதன்' மொழியைக்கொண்டு இதனை ஆராய்வாம்.

பைதனை ஆக்கியவர் ஒல்லாந்து நாட்டினரான கைடோ வான் ரோசம். அது 1991ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. பிறமொழிகள் பல, ஒருங்கே இயங்கவேண்டிய கட்டளைகளை அடைப்புக்குறிக்குள் அடக்குவன. பைதனோ வரித்தொடக்கத்து இடைவெளியையே எல்லையாகக் கொள்வது. 'பலகை' ஒரு பொருள் தரும். 'பல கை' வேறு பொருள் தரும். நன்னூலார் பொதுமொழி என்பது இத்தகையதே. இங்கும் இடைவெளியே பொருளை வேறுபடுத்தும். 30 மாணவரின் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கூட்டுங் கட்டளையின் கீழ், மொத்தத்தை அச்சிடும் வரி உள்தள்ளி நின்றால் 30 முறை அச்சாகும். இடப்பக்க ஓரத்தில் நின்றால் ஒருமுறையே அச்சாகும். இரண்டிலும் கணினி பிழை கூறாது. பிழையைக் காணவேண்டியவர் வாசிப்பவரே.

ஆதலின் 2001ஆம் ஆண்டில் 'பெப் 8' என்னும் நடைவிதி எழுந்தது. உள்தள்ளும் ஒவ்வொரு படிக்கும் நான்கு இடைவெளி, ஒரு வரி 79 எழுத்துக்கு மேற்படாமை என்பன அதன் விதிகளுட் சில. தாவல் விசையால் இட்ட வெளியும் தனித்தனி இடைவெளிகளும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். பொருள் மயங்குமாறு அவற்றைக் கலந்தெழுதின், 2008இல் வெளிவந்த மூன்றாம் பைதன் அதனை ஏலாது மறுக்கும்.

கூட்டுப்பணியிலே வேறொரு கேடும் உண்டு. யார் எவ்வரியை மாற்றினார் என்பது அங்கே பதிவாகும். ஒருவர் தம் விருப்பின்படி இடைவெளிகளையெல்லாம் மாற்றி, அதனூடே ஒரு கணக்கையுந் திருத்தினால், பதிவிலே நூற்றுக்கணக்கான வரிகள் மாறியனவாகத் தோன்றும். உண்மையான திருத்தம் அவற்றுள் மறைந்துபோம். அத்திருத்தம் பிழையாயின் அதனைத் தேடிக் காண்டல் அரிது. எனவே நடைத் திருத்தத்தையும் கருத்துத் திருத்தத்தையும் வேறுவேறாகச் செய்தல் வேண்டும். நடையைத் தானே ஒழுங்குபடுத்தும் 'பிளாக்' என்னுங் கருவி 2018இல் வெளிவந்தது. குழுவினர் அனைவரும் அதனைக் கையாளின் வாதம் ஒழியும்.

எந்நடை சிறந்தது என ஆராய்தலினும், எல்லாரும் ஒரே நடையைப் பற்றுதல் முதன்மையானது. முன்னுள்ள நிரல் வேறொரு நடையில் அமைந்திருப்பின், புதிதாய்ச் சேர்பவர் அதனையே தழுவுக. எழுதுவது ஒருமுறை, வாசிப்பது பலமுறை. நமக்குப்பின் வாசிப்போரை உளத்திருத்தி எழுதும் பழக்கத்தை மாணவர் இளமையிலேயே கைக்கொள்வாராக.