எத்தனையாவது நாள் ஸ்கேன்?

அன்புள்ள இளம் கதிரியல் மருத்துவருக்கு,

கணைய அழற்சி நோயாளியோடு வரும் ஸ்கேன் சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: கடும் வயிற்றுவலி, லைபேஸ் அதிகம், சிடி எடுக்கவும். வலி எப்போது தொடங்கியது என்பதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். படத்தைத் திறப்பதற்கு முன்பே வார்டுக்குப் போன் போட்டு அதைக் கேட்டுவிடுங்கள். மருத்துவமனையில் சேர்ந்த நேரம் வேறு, வலி தொடங்கிய நேரம் வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அது தெரியாமல் இந்த நோயில் இனி என்ன நடக்கும் என்று சொல்வது, பிறந்த நேரம் தெரியாமல் ஜாதகம் கணிப்பதைப் போன்றது.

கணையம் அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே அறியும் ஆசை பழையது. 1974இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஜான் ரான்சன் 11 அடையாளங்களைப் பட்டியலிட்டார். ஐந்தை நோயாளி சேரும்போதே பார்த்துவிடலாம். மற்ற ஆறுக்கு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வயது, வெள்ளணு எண்ணிக்கை, கால்சியம் என்று அந்தப் பட்டியலில் பலவும் இருந்தன, கணையத்தின் படம் மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் கதிரியல் மருத்துவர் எமில் பால்தசார். 1985இல் அவர் சிடி படங்களை ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். அந்தக் கட்டுரையில் ரான்சனும் உடனாசிரியர் என்பது கவனிக்கத்தக்கது: வார்டும் ஸ்கேன் அறையும் பேசிக்கொண்டதால் பிறந்த அளவுகோல் இது.

1990இல் பால்தசார் குழு அதோடு நெக்ரோசிஸையும், அதாவது திசு இறப்பையும், சேர்த்துப் பத்துப் புள்ளிக் கணக்காக்கியது. 88 நோயாளிகளில் மூன்று புள்ளிகளுக்குள் இருந்தவர்களில் 8 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது, 3 சதவீதத்தினர் இறந்தார்கள். ஏழும் அதற்கு மேலும் பெற்றவர்களில் சிக்கல் 92 சதவீதம், இறப்பு 17 சதவீதம். இன்றும் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நீங்கள் எழுதும் எண் இதன் வாரிசுதான்.

அந்த எண்ணில் மயங்க வேண்டாம். செத்த திசு கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்காது; அதனால்தான் படத்தில் மங்கலாகத் தெரிகிறது. ஆனால் முதல் நாளிலேயே எல்லை தெளிவாக விழுவதில்லை. அன்று ரத்த ஓட்டம் குறைந்து மங்கிய பகுதி பிறகு மீளலாம். நன்றாக ஒளிர்ந்த பகுதி நான்காம் நாள் செத்திருக்கலாம். வலி தொடங்கி 72 முதல் 96 மணி நேரம் கழித்து எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். 2012இல் தாமஸ் போலனும் சக ஆய்வாளர்களும் முதல் நாள் சிடியில் ஏழு மதிப்பெண் முறைகளைச் சோதித்தார்கள். அபாச்சி, பைசாப் போன்ற படுக்கையருகே போடும் கணக்குகளை அவற்றில் எதுவும் தெளிவாக மிஞ்சவில்லை. தீவிரத்தைக் கணிப்பதற்காக மட்டும் சேர்ந்த அன்றே சிடி எடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் முடிவு. நோய் கணைய அழற்சிதானா, குடலில் ஓட்டையா என்ற ஐயம் இருந்தால் அது வேறு கதை. அப்போது தயங்காமல் எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த நோயில் இறப்பு இரண்டு அலைகளாக வருகிறது. முதல் வாரத்தில் கொல்வது நுரையீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் செயலிழப்பு. 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு ‘கடுமை’ என்ற சொல்லை 48 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் உறுப்புச் செயலிழப்புக்கு மட்டுமே தருகிறது. படம் எவ்வளவு கோரமாக இருந்தாலும் அது மட்டும் போதாது. படத்தின் அதிகாரம் இரண்டாவது அலையில்தான்: செத்த திசுவில் கிருமி புகும் வாரங்கள் அவை. ஐசியுவில் இருப்பவருக்கு நீங்கள் ‘குறைந்த மதிப்பெண்’ என்று எழுதியதைப் பார்த்து யாரும் நிம்மதியடையக் கூடாது.

அந்த வாரங்களில் பெயரிடுவதுதான் பெரிய வேலை. பழைய அட்லாண்டா வகைப்பாட்டை வைத்து நெதர்லாந்தில் ஒரு சோதனை நடந்தது, 2006இல் வெளியானது. 70 நோயாளிகளின் சிடியை ஐந்து கதிரியல் நிபுணர்கள் தனித்தனியே பார்த்தார்கள். ஐவரும் ஒரே பெயரைச் சொன்னது மூன்றே மூன்று பேர் விஷயத்தில்! ஒருவர் சீழ்க்கட்டி என்றதை இன்னொருவர் வேறொன்று என்றார். இப்போதைய வகைப்பாடு இரண்டு கேள்விகளில் இதை அடக்குகிறது. நான்கு வாரம் ஆகிவிட்டதா? உள்ளே வெறும் நீரா, செத்த திசுவும் இருக்கிறதா? கணையத்தையோ சுற்றியுள்ள கொழுப்பையோ நெக்ரோசிஸ் தொட்டிருந்தால், அந்தத் தேக்கத்தைச் சூடோசிஸ்ட் என்று எழுதாதீர்கள். நீர்க்கட்டி என்று நம்பிச் சின்னக் குழாய் போட்டால், திசுத் துணுக்குகள் அதை அடைத்துவிடும். சிடியில் ஒரே நீராகத் தெரிவதற்குள் இருக்கும் திடப்பொருளை எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும். சந்தேகம் வந்தால் கேட்டு வாங்குங்கள்.

தேக்கத்தினுள் காற்றுக் குமிழ் தெரிந்தால் கிருமித்தொற்று என்பது வலுவான ஊகம். குடலோடு ஓட்டை விழுந்திருந்தாலும் காற்று வரலாம். குமிழ் இல்லாததால் தொற்றில்லை என்றும் ஆகாது. தொற்று உறுதியானதும் முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து சுரண்டி எடுத்தார்கள். 2010இல் வெளியான நெதர்லாந்தின் பேன்டர் ஆய்வு அதை மாற்றியது: முதலில் வடிகுழாய், தேவைப்பட்டால்தான் அறுவை. அப்படிச் சிகிச்சை பெற்ற குழுவில் 35 சதவீதத்தினருக்குக் குழாயே போதுமானதாக இருந்தது. 2021இல் பாயின்டர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. தேக்கத்தைச் சுற்றிச் சுவர் கட்டும்வரை குழாயைத் தள்ளிப்போட்டவர்களில் 39 சதவீதத்தினர் ஆன்டிபயாட்டிக்கிலேயே தேறிவிட்டார்கள். ஆகவே ‘சுவர் முழுதாகக் கட்டியிருக்கிறதா’ என்று நீங்கள் எழுதும் அரை வரிதான் அடுத்த நாள் சிகிச்சையைத் தீர்மானிக்கும். குழாய் போடுவதும் நீங்களே என்றால், முடிந்தவரை இடது விலாப்பக்கமாக, வயிற்றறைக்குப் பின்னாலேயே கொண்டுபோங்கள். பின்னால் அறுவை தேவைப்பட்டால் மருத்துவர் அதே தடத்தைப் பிடித்துத்தான் உள்ளே போவார்.

குழாய் போடுமுன் தமனிகளைப் பார்த்தீர்களா? செரிமான நொதிகள் மண்ணீரல் தமனியின் சுவரை அரித்துப் புடைக்கவைத்திருக்கலாம். சூடோஅனியூரிசம் என்பது அதுதான். சிரைநேரப் படம் மட்டும் எடுத்தால் சிறிய புடைப்பு தப்பிவிடும். தமனிநேரப் படமும் வேண்டும் என்று டெக்னீசியனிடம் முன்பே சொல்லிவையுங்கள். வடிகுழாயில் திடீரென்று ரத்தம் வந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்து உடனே சிடி ஆஞ்சியோ செய்யுங்கள். காயில் வைத்து அடைக்கும் குழுவையும் அப்போதே கூப்பிட்டுவிடுங்கள். மண்ணீரல் சிரையில் ரத்தம் உறைந்திருப்பது இதைவிடச் சகஜம், அவசரம் குறைவு. எழுதாமல் விட்டுவிட வேண்டாம், பிற்பாடு இரைப்பையில் சிரைகள் புடைத்து ரத்தம் கசியலாம்.

கடைசியாக, அதிகம் பேர் மறப்பது கணைய நாளத்தை. கணையத்தின் கழுத்துப் பகுதி செத்து, வால் பகுதி உயிரோடு இருந்தால், அந்த வால் சுரப்பதை நிறுத்தாது; சுரந்தது போக வழியிருக்காது. குழாயை எடுத்ததும் தேக்கம் திரும்பத் திரும்ப வரும். எத்தனை சதவீதம் செத்தது என்பதோடு எந்த இடம் செத்தது என்றும் எழுதுங்கள். மதிப்பெண்ணை இனி மென்பொருளே போட்டுத் தரலாம், படத்தின் நுண்ணமைப்பைக் கொண்டு கணிக்கும் முயற்சிகளும் பெருகிவருகின்றன. அந்த மென்பொருளுக்கும் வலி தொடங்கிய நாளை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே ‘நோயின் ஆறாம் நாள்’ என்று எழுதிவிடுங்கள். பத்து நாள் கழித்து அடுத்த படத்தைப் பார்க்கப்போகும் சக மருத்துவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.