உப்பில் மூலக்கூறு கிடையாது

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. அயனிச் சேர்மத்துக்கும் சகப்பிணைப்புச் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணை போட்டு உருப்போடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அட்டவணையை அப்படியே நம்பிவிடாதே.

சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு என்று அதில் ஒரு வரி இருக்குமே, அதையே எடுத்துக்கொள். பீரோவில் போடும் பாச்சை உருண்டை நாஃப்தலீன். 80 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சாப்பாட்டு உப்புக்கு 801 டிகிரி வேண்டும். சரி, ஆற்றுமணலில் இருக்கும் குவார்ட்ஸ்? அதுவும் சகப்பிணைப்புதான். உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி ஆகும்! நாஃப்தலீன் உருகும்போது அணுக்களைக் கட்டிய பிணைப்பு ஒன்றுகூட அறுவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையே இருந்த மெல்லிய ஈர்ப்புதான் தளர்கிறது. குவார்ட்ஸிலோ தனி மூலக்கூறே இல்லை. படிகம் முழுக்க ஒரே பிணைப்பு வலை. உருக வேண்டுமானால் அந்தப் பிணைப்பே அறுபட வேண்டும்.

அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும், இதற்குள் தனித்தனி மூலக்கூறு உண்டா என்று முதலில் கேள். உப்பில் கிடையாது. 1913-இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியமும் சூழ்ந்திருப்பது தெரிந்தது. யாருக்கு யார் ஜோடி என்றே சொல்ல முடியாது. இங்கிலாந்தின் மூத்த வேதியியலாளர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இது பொறுக்கவில்லை. உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்று 1927-இல் 'நேச்சர்' இதழுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். அவருக்கே ஜீரணமாகாதது உனக்கு உடனே பிடிபடவில்லை என்றால் கவலைப்படாதே.

உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம் என்ற விதியும் அரைகுறைதான். அலுமினியம் குளோரைடு 180 டிகிரி வாக்கிலேயே ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவியில் இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் சேர்ந்த மூலக்கூறுகள் இருக்கின்றன. அலுமினியம் ஃபுளோரைடோ 1,200 டிகிரியைத் தாண்டியும் அசையாது. பாலிங் அளவுகோலில் எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு முதலாவதற்கு 1.55, இரண்டாவதற்கு 2.37. புத்தகம் நடுவில் 1.7 என்று கோடு போடும். அது நம் வசதிக்குப் போட்ட கோடு; அணுக்களுக்கு அது தெரியாது.

ஹைட்ரஜன் குளோரைடு சகப்பிணைப்பு வாயு. அதைத் தண்ணீரில் கரைத்தால் மட்டும் மின்சாரம் நன்றாகக் கடத்துகிறது. ஏன் என்று யோசித்து எழுது. அட்டவணையைப் பார்க்கக் கூடாது.

அன்புடன்,
மாமா