வலிக்காத ஈறையும் அளந்து பார்க்க வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 46. சில ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. பல் தேய்க்கும்போது அவ்வப்போது ரத்தம் வரும், வலி கிடையாது. பல் டாக்டர் ஈறு ஓரத்தில் மெல்லிய கம்பியை விட்டு ‘3, 2, 5’ என்று சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டார். பிறகு, பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், அம்மா.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இயல்பாகவே சிறு இடுக்கு உண்டு. மில்லிமீட்டர் கோடு போட்ட கம்பியை மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அதன் ஆழத்தை அளப்போம். 3 வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 4, 5 என்று ஏறினால், ஈறு வீங்கியிருக்கலாம். அல்லது பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கலாம். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும். தொட்டதும் ரத்தம் வருகிறதா, ஈறு கீழிறங்கி வேர் தெரிகிறதா, பல் ஆடுகிறதா என்பதையும் சேர்த்தே முடிவு சொல்வோம்.

ஈறு வீக்கம் மட்டும் என்றால் முழுதாகக் குணமாகும். கரைந்த எலும்போ பெரும்பாலும் தானாக வளராது. ஈறு நோய் நெடுநாள் வலியில்லாமலே முற்றும் என்பதால்தான் அளந்து பார்க்கிறோம். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தம்கூட அவ்வளவாக வராது. அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

மாமியாரின் பயத்துக்கும் காரணம் உண்டு. எலும்பு ஏற்கெனவே கரைந்த வாயில், பற்களை ஒட்டிப் பிடித்திருப்பது சில நேரம் பல்லில் படிந்து இறுகிய காரைதான். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவரும். ஆட்டத்துக்குக் காரணம் சுத்தம் செய்தது அல்ல, அதற்கு முன்பே போய்விட்ட எலும்பு. காரையை விட்டுவைத்தால் மிச்சமுள்ள எலும்பும் போகும்.

உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகும். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவைப் பல் டாக்டரிடமும் காட்டுங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் தினமும் இரண்டு வேளை ஈறோரம் தேயுங்கள். பல்லிடுக்குகளுக்கென்று உள்ள சிறு பிரஷ்ஷையும் பயன்படுத்துங்கள்.

சுத்தம் செய்த பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறுபடி அளக்கச் சொல்லி, இன்றைய எண்களோடு ஒப்பிட்டுக் காட்டும்படி கேளுங்கள். 5 இருந்த இடம் 3 ஆகி, ரத்தமும் நின்றிருந்தால் சிகிச்சை பலித்துவிட்டது. குறையவில்லை என்றால் ஈறு நோய் நிபுணரிடம் போய்விடுங்கள்.