முதுகு ஊசியும் அடக்கிக்கொண்ட வலியும்

செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துப் பெண்களுக்குப் பிரசவம் என்றால் உள்ளூர் அரசு மருத்துவமனை. சிக்கல் என்றால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, இல்லையேல் திருவண்ணாமலை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. இத்தனை பேருக்கு நடக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி இன்னமும் தப்பும் தவறுமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி."

சிசேரியனுக்கு முன் மரத்துப்போக வைக்கப் போடும் இந்த ஊசியில், தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, அதைச் சூழ்ந்த நீருக்குள்தான் மருந்து போகிறது. குத்திய இடம் சில நாள் நோகலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலி, சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் வருகிறது. கர்ப்பத்தில் மூட்டுகள் தளர்வதும், குனிந்தபடியே பால் கொடுப்பதும் அதற்குக் காரணங்கள். ஆனால், உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வந்தால், அது அந்த ஊசியால் வந்ததாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

"ஊசி போட்டாச்சு, இனி வலிக்காது. வலிக்குதுன்னு கத்தினா அது வெறும் பயம்."

என்னை மிகவும் கலங்க வைப்பது இதுதான். ஊசி மரத்துப்போக வைப்பது வலியை. தொடுவதும், இழுப்பதும், குழந்தையை எடுக்கையில் வயிற்றை அழுத்துவதும் தெரியும். அது இயல்பு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். வலி வேறு. மருந்து போதுமான உயரம் ஏறாமல் போகலாம். அறுவை நீண்டால் மருந்தின் வேகம் குறையலாம். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன், குளிர்ச்சி தெரிகிறதா என்று மார்பு வரை தொட்டுப் பார்க்கிறார்கள். பார்க்காவிட்டால் நீங்களே கேட்கலாம்.

நடுவில் வலித்தால், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. "வலிக்குது, நிறுத்துங்க" என்று சொல்லலாம். முடிந்த இடத்தில் கையை நிறுத்தி, ரத்த நாளம் வழியாக வலி மருந்து கொடுப்பார்கள். தேவைப்பட்டால் முழு மயக்கம் கொடுப்பார்கள். வலியின் அளவு படுத்திருப்பவளுக்குத்தான் தெரியும். அவள் சொல்வதை நம்புவது மருத்துவத்தின் கடமை, அவளுக்குச் செய்யும் தயவல்ல.

"வலி மாத்திரை பாலில் இறங்கிடும்."

பாரசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்றவை பாலில் மிகச் சொற்பமாகவே கலக்கும். மருத்துவர் சொன்ன வேளைக்குத் தவறாமல் போடுங்கள். தையல் வலித்துக்கொண்டே இருந்தால் பால் கொடுப்பதும் எழுந்து நடப்பதும்தான் தள்ளிப்போகும்.

"குழந்தை நல்லா இருக்கே, அப்புறம் என்ன அழுகை?"

முதல் சில நாள் அழுகை பலருக்கும் வரும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அறுவை மேசையில் வலியோடு கிடந்து, சொல்லியும் யாரும் கேட்காமல் போனவர்களுக்கு இன்னொன்றும் வரலாம்: அதே அறை கனவில் வரும், ஆஸ்பத்திரி வாசனையே நடுங்க வைக்கும், குழந்தையிடம் ஒட்ட முடியாது, அடுத்த பிள்ளை என்றாலே உடல் விறைக்கும். பேய் பிடித்ததென்று கோயிலுக்கு அழைத்துப் போவதோடு நின்றுவிடாதீர்கள். இது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு; குணமாகக் கூடியது. கட்டணமில்லா மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறுபடி கருவுற்றால், போன முறை நடந்ததை மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். மருந்து சரியாக ஏறாவிட்டால் என்ன செய்வார் என்பதை, மேசையில் ஏறும் முன்பே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.