பழைய டிரெய்லர் கூடாரத்தின் கித்தான்: பழுதுபார்க்கும் தொழிலுக்கு வரும் இளைஞருக்கு ஒரு கடிதம்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் கூடாரங்களில் பழையவை பெரும்பாலும் பருத்திக் கித்தானாலோ, பாலியெஸ்டர் கலந்த பருத்தியாலோ ஆனவை. பிரிட்டனில் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்தவைகூட இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இந்தத் துணி மழையைத் தடுப்பது இரு வழிகளில். நனைந்ததும் பருத்தி இழை உப்பி நெசவின் சந்துகளை அடைக்கிறது. மேலே ஏற்றிய மெழுகோ சிலிக்கோனோ நீரை உருட்டி விடுகிறது. பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசலாம். இழையே இற்றுவிட்டால் பூசிப் பயனில்லை. அதனால் பூச்சு டின்னைத் திறக்கும் முன் துணியின் வலுவைப் பார்க்க வேண்டும்.

கூரையும் வெயில் விழும் பக்கமுமே முதலில் கெடும். அங்கே துணியை விரல்களால் பற்றி இழுத்தால் காகிதம்போல் கிழிகிறதா? அந்தப் பகுதியை வெட்டி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இதை மறைத்துப் பூச்சுக்குக் கூலி வாங்குவது ஏமாற்று.

துணி உறுதியாக இருந்தால், பகலில் கூடாரத்தை விரித்து உள்ளே நின்று பார்க்க வேண்டும். ஊசித்துளைகளில் வெளிச்சம் தெரியும். பிறகு மேலிருந்து மழைபோல் தண்ணீர் தெளிக்க வேண்டும். முத்தாக உருண்டால் பூச்சு இருக்கிறது. துணி கருத்து ஊறினால் போய்விட்டது. தையலில் மட்டும் கசிந்தால் முழுத் துணிக்கும் பூச வேண்டியதில்லை, அங்கே தேன்மெழுகைத் தேய்த்தால் போதும். காலையில் சட்டக் குழாயிலும் மெத்தைக்கு அடியிலும் காணும் ஈரம் பெரும்பாலும் ஒழுக்கு அல்ல, உறங்கியவர்களின் மூச்சு குளிர்ந்து படிந்த நீர். அதற்கு மருந்து காற்றோட்டம்.

அழுக்கைக் காய்ந்த நிலையில் மென்மையான பிரஷால் தட்டி, வெறும் தண்ணீரால் கழுவுவது நல்லது. சோப்புத்தூள் பூச்சைக் கரைக்கும்; மிச்சம் தங்கினால் நீரையும் ஈர்க்கும். அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரத்தைத் துணியருகே கொண்டுவரவே கூடாது. நன்றாகக் காய்ந்தபின், பருத்திக்கென்று விற்கும் பூச்சை முதலில் மறைவான ஒரு மூலையில் தடவி நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, மற்ற இடங்களில் பூச வேண்டும். பிளாஸ்டிக் ஜன்னல்களில் அது படக்கூடாது.

பூஞ்சணக் கறை முழுதும் போகாது. போகும் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். ஈரத்தோடு மடித்து வைத்ததால் வந்தது அது. மழையில் மடிக்க நேர்ந்தால் ஓரிரு நாளுக்குள் விரித்துக் காயவைக்கச் சொல்லியே கூடாரத்தைத் திருப்பித் தர வேண்டும்.