பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகிற தம்பிக்கு

1. இசைத்தட்டுக் கருவியின் கையில் மாட்டுகிற கார்ட்ரிட்ஜ் என்று ஒரே விலை சொல்லி நீட்டுவார்கள். உண்மையில் அது இரண்டு பொருள். ஒன்று உடம்பு, அதற்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். மற்றது ஊசி: வைரமுனை, அதைத் தாங்கும் மயிரிழைக் குழாய், குழாயின் மறுகோடியில் குட்டிக் காந்தம், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் துளியூண்டு ரப்பர். 1970களில் சுற்றிய சுருள் இன்றைக்கும் குறையில்லாமல் பாடும். ரப்பர் அப்படியில்லை. சுருளுக்குத் தாராளமாகக் காசு கொடு, பழைய ரப்பருக்குக் காலணா கொடுக்காதே.

2. "பெட்டியே பிரிக்கலை சார்" என்பார்கள். அதைக் கேட்டதும் பர்ஸில் கை போகக் கூடாது. ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகிவிடும். சில கம்பெனி ரப்பர் இறுகும், சில இளகிப் பிசுபிசுக்கும். இறுகியது தட்டின் நெளிவுக்கு ஈடுகொடுக்காது. பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் சீறும், உச்சஸ்தாயியில் கரகரக்கும். இளகியது கையின் எடை தாங்காமல் உட்கார்ந்துவிடும், கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சரியாகும், ஏதோ எண்ணெய் தடவினால் சரியாகும் என்று வைத்தியம் சொல்ல ஆளிருக்கிறது. காதில் போட்டுக்கொள்ளாதே.

3. கையில் ஒரு பூதக்கண்ணாடி இல்லாமல் போகாதே. முதலில் முன்பக்கமிருந்து பார்: குழாய் நடுவில் நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் ரப்பர் போயிற்று அல்லது யாரோ இடித்திருக்கிறார்கள். அடுத்து, கம்பெனி சொன்ன எடையை வைத்துத் தட்டில் இறக்கச் சொல்லி, பக்கவாட்டில் குனிந்து பார். கார்ட்ரிட்ஜுக்கும் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். முனையின் தேய்மானத்துக்குப் பூதக்கண்ணாடி போதாது. 200 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி வேண்டும். தேய்ந்த வைரத்தில் இரண்டு பக்கமும் தட்டையாகப் பளபளவென்று இரு திட்டுகள் மின்னும். அந்த ஊசியைத் தட்டில் வைத்தால் உளி வைத்த மாதிரி, பள்ளத்தைச் செதுக்கிவிடும். ஊசி போனால் வேறு வாங்கலாம், தட்டு போனால் போனதுதான். வைரமுனைக்குச் சுமார் 500 முதல் 1000 மணி நேரம் ஆயுள் வைத்துக்கொள். எத்தனை மணி ஓடியது என்று விற்கிறவருக்கே தெரியாது, கேட்டால் மட்டும் "கொஞ்சம்தான்" என்பார்.

4. மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு போ. கார்ட்ரிட்ஜின் பின்பக்க முனைகளில் வெள்ளையும் நீலமும் இடது சேனல், சிவப்பும் பச்சையும் வலது. மேலே சொன்ன, காந்தம் அசையும் வகையில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பேரம் பேசு. ஒரு பக்கம் ஓப்பன் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு.

5. எல்லோரும் கேட்கிற சரக்கு அமெரிக்க ஷூர் கம்பெனியின் வி15. 1964இல் வந்தது, 1973இல் அதன் மூன்றாம் வகை. ஒரு கிராமுக்கு முன்னே பின்னே எடையில் தட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். 2018இல் ஷூர் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. அதனால் ஒரிஜினல் ஊசிக்கு யானை விலை, குதிரை விலை. அந்த விலையைக் கொடுக்காதே. ஊசி ஒடிந்த வி15 கிடைத்தால்தான் நமக்கு யோகம்: உடம்பை மலிவாக வாங்கி, ஜப்பானின் ஜிகோ கம்பெனி இன்றைக்குச் செய்கிற ஊசியை மாட்டு. புது ரப்பர், புது வைரம். முதலில் ஊசியின் விலையை விசாரி, பிறகு உடம்புக்குப் பேரம் பேசு. கூட்டிப் பார்த்தால் நல்ல புதுக் கார்ட்ரிட்ஜின் விலையைத் தாண்டுகிறதா? ஆசையை அடக்கிக்கொள்.

6. காந்தத்துக்குப் பதில் சுருள் அசையும் வகையும் உண்டு. அதில் பழசு வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அதில் ஊசியைக் கழற்றி மாட்ட முடியாது, பிரித்துப் புது முனை வைக்கிற கூலி கையைச் சுடும். 1960களின் ஓசைதான் வேண்டுமென்றால் டெனான் டிஎல் 103 இருக்கிறது. ஜப்பான் வானொலி நிலையத்துக்காக 1962இல் உருவானது, இன்னமும் தயாரிக்கிறார்கள். புதிதாகவே வாங்கிக்கொள். சற்றுக் கனமான கையும், இந்த வகைக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரும் வேண்டும், அவ்வளவுதான்.

7. தாத்தா வீட்டு ரேடியோகிராமில் இருப்பது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜாக இருக்கலாம். உள்ளே இருப்பது ரோஷல் உப்பு. ஈரமும் வெயிலும் அதற்கு எமன். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் பல காலம் கிடந்த கிரிஸ்டலை நம்பி வாங்காதே. செராமிக் வகை தாக்குப்பிடிக்கும்.

8. பாகவதர் காலத்து 78 சுழல் தட்டுகளைப் போடுகிற ஆசை இருந்தால், எல்பி ஊசியால் போடாதே. எல்பி முனை சுமார் 18 மைக்ரான், 78இன் பள்ளத்துக்கு ஏறக்குறைய 75 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் குப்பையைத்தான் வருடும். பழைய செராமிக்கில் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் இந்தப் பக்கம் எல்பி, அந்தப் பக்கம் 78 என்று இரண்டு முனை இருக்கும். நீலக்கல் முனையாக இருந்தால் வைரத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்திருக்கும், பார்த்து வாங்கு. புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இன்னும் சுலபமான வழி ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசை. ஒரே உடம்பு, எல்பிக்கு ஓர் ஊசி, 78க்கு ஓர் ஊசி, விரலால் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஊசி மாற்றும்போது எடையையும் மறக்காமல் மாற்று.